கொம்பும் காலும்

ஸ்ரீவில்லிபுத்தூர்
16.6.2024

அன்புத் தம்பி அலெக்சுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். நீயும் ஆஷிகாவும் எப்படி இருக்கிறீர்கள்? ஆஷிகாவுக்கு மசக்கை குறைந்ததா, இன்னும் சோற்று வாடையே ஆகவில்லையா? அம்மாவின் இடது முழங்கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. அந்தக் காலோடு சர்ச்சுக்கு நடந்தே வருவேன் என்று அடம் வேறு.

பன்னிரண்டு கிலோமீட்டருக்கு இன்லண்ட் லெட்டர் எழுதுகிற அக்கா தம்பி இந்த ஜில்லாவிலேயே நாம் மட்டும்தான். தபால் ஆபீஸ் வீரணன் அண்ணன், "ஏன் டீச்சர், ராசபாளையத்துக்கு பஸ் ஓடலையா?" என்று கேட்கிறார். அவருக்கு என்ன தெரியும்? அப்பாவின் கல்லறைக் கல்லில் பெயருக்குக் கீழே என்ன எழுதுவது என்று நாம் போனில் போட்ட சண்டையைக் கேட்டுவிட்டு அம்மா சொன்னதுதானே இது. "போன எடுத்தா நாலாவது நிமிசம் ரெண்டும் கடிச்சிக்கிடுதீய. இனிமே எழுதித் தொலைங்க. எழுதி முடிக்கதுக்குள்ள பாதிக் கோவம் ஆறிப் போவும்." அந்தக் கல் விஷயத்தை இதில் எடுக்கப்போவதில்லை. எனக்கு ஆறவில்லை என்பது வேறு.

இப்போது நல்ல செய்தி. இரண்டு வருடமாக ராப்பகலாகச் செய்துகொண்டிருந்த என் பில்டு கருவியை முடித்து, வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் பொதுவாக நெட்டில் வெளியிட்டுவிட்டேன். பெயர் 'கொத்தன்'.

எங்கள் பள்ளிக்கூட லேபில் பிள்ளைகளுக்கான தமிழ் எழுத்துப் பயிற்சி மென்பொருள் இருக்கிறதல்லவா, அது முந்நூறு சின்னச் சின்ன ஃபைல்களைச் சேர்த்துக் கட்டியது. ஒரு ஃபைலில் ஒரு புள்ளியை மாற்றினாலும் முழுவதையும் மறுபடி கட்ட வேண்டும். எங்கள் கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு அதற்கு முப்பத்தெட்டு நிமிடம். வகுப்பு நாற்பது நிமிடம். ஒரு செங்கல்லை மாற்றியதற்கு வீட்டையே இடித்துக் கட்டுகிற கூத்து. கொத்தன் முதலில் எது மாறியிருக்கிறது, எது எதன் மேல் நிற்கிறது என்று பார்க்கும். அஸ்திவாரம் முன்னால், சுவர் பின்னால். மாறிய செங்கல்லையும் அதன் மேல் நிற்பதையும் மட்டும் திரும்பக் கட்டும். இப்போது ஒன்றரை நிமிடம்.

யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். லைசென்சில் ஒரே ஒரு நிபந்தனை. கொத்தன் ஓடும்போது திரையில் முதலில் வருகிற இரண்டு வரியை எடுக்கக் கூடாது. 'கட்டியவர்: ஜெபதுரை கொத்தனார் மகள் அன்னாள், ஸ்ரீவில்லிபுத்தூர். எடுத்துக்கொள்ளுங்கள், பெயரை மட்டும் விட்டுவையுங்கள்.' ஏன் இந்தப் பிடிவாதம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் பாடம் நடத்துகிற கட்டடமே அப்பா கட்டியது. வாசலில் பதித்த கல்லில் திறந்துவைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை சொன்னவர் வரைக்கும் பெயர் இருக்கிறது. சாந்துச்சட்டி பிடித்தவர் பெயர் இல்லை.

உன் ஆபீசிலும் காட்டு. உதவினால் எடுத்துக்கொள்ளட்டும்.

ஆஷிகா உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
அன்னாள்

ராஜபாளையம்
25.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே நாங்கள் நலம். ஆஷிகா மோரும் எலுமிச்சை ஊறுகாயும் சாப்பிடுகிறாள், சாம்பார் என்றால் ஓடுகிறாள். அம்மாவின் காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா?

உன் கருவியைப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, அசந்துபோய்விட்டேன். எங்கள் கம்பெனி நாற்பத்தோரு நூல் மில்லுக்கு சாஃப்ட்வேர் செய்துகொடுக்கிறது. ஒரு மில்லுக்காக ஒன்றை மாற்றி பில்டு போட்டால் இரண்டு மணி நேரம் ஆகும்; நாங்கள் டீக்கடைக்குப் போய்விடுவோம். உன் கருவி ஒன்பது நிமிடத்தில் முடித்துவிட்டது. மேனேஜர் கௌதம்ராஜ் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்னொரு தடவை ஓடவிடச் சொன்னார். "எம்புட்டு சுருக்கா முடியுதுய்யா" என்றார். யார் செய்தது என்று கேட்டார்கள். எல்லோருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது.

நீ ஆங்கில எழுத்தில் போட்டிருக்கும் பெயரை சார் 'காட்டன்' என்றே வாசிக்கிறார். பஞ்சு ஊரில் வேறு எப்படி வாசிப்பார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். ஒவ்வொரு தடவை ஓடும்போதும் அந்த இரண்டு வரி திரையில் வந்தே ஆகவேண்டுமா? சும்மாதான் கேட்டேன்.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

தம்பி,
அலெக்ஸ்

ஸ்ரீவில்லிபுத்தூர்
11.7.2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு ஒத்தடம் கொடுத்து வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. ஆஷிகாவுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் போட்டு வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

வந்தே ஆகவேண்டும். ஒவ்வொரு தடவையும். சும்மா கேட்டதற்குச் சும்மா பதில்.

யார் செய்தது என்று கேட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். நீ என்ன சொன்னாய் என்று எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுது, அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்போது உனக்கு மட்டும் ஒரு ரகசியம். கொத்தனில் ஒரு பிழை இருக்கிறது. 'கொய்யா' என்ற ஃபைல் கண் முன்னால் இருக்கிறது. கொத்தன் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் குற்றம் 'கொ'வில். ஒண்ணாம் வகுப்பில் படித்ததுதான், 'க'வுக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். கம்ப்யூட்டருக்குள் இதை இரண்டு விதமாக வைக்கலாம். கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக வைக்கலாம். கொம்பைத் தனியாக, காலைத் தனியாக என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்று. உள்ளே வேறு வேறு. நான் லேபில் ஒரு விதமாக அடிக்கிறேன். தமிழ் எடுக்கிற நாராயணி டீச்சர் போனில் இன்னொரு விதமாக அடித்து அனுப்புகிறார். கொத்தன் அவற்றை இரண்டு பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. இதில் மானக்கேடு என்னவென்றால், தன் பெயரிலேயே 'கொ' இருக்கிறது. தன் பெயரே அதற்கு அடையாளம் தெரியவில்லை.

வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெயர்களை ஒப்பிடுவதற்கு முன்னால் எல்லா 'கொ'வையும் ஒரே விதமாக ஆக்கிவிட வேண்டும், அது தெரிகிறது. எந்த இடத்தில் செய்வது என்பதில்தான் சிக்கல். நீ பார்த்துச் சொல். சோதிக்க ஒரு வரி வேண்டுமே, இதை எழுதும்போதே தோன்றியது. 'அலெக்ஸ் கொய்யாவைக் கொறித்துக்கொண்டு கொல்லையில் ஒளிந்தான்.' நாலு 'கொ' இருக்கிறது. நீ ஒன்பது வயதில் செய்த காரியம்தான், நான் ஒன்றும் இட்டுக்கட்டவில்லை.

இந்த இன்லண்டில் நான் எழுதியிருக்கும் 'கொ' எந்த 'கொ' என்று என்னாலேயே சொல்ல முடியாது. பேனாவுக்கு அந்த வித்தியாசம் கிடையாது.

பதில் சீக்கிரம் போடு.

உன் அக்கா,
அன்னாள்

ராஜபாளையம்
2.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். உடனே பதில் எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள். ஆபீசில் மூச்சுவிட நேரமில்லை. ஆஷிகாவுக்கு ஸ்கேன் எடுத்தோம், குழந்தை நன்றாக இருக்கிறது, ஜனவரி கடைசி என்றார்கள். அம்மாவிடம் சொல். முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கியிருக்கிறேன், அடுத்த வாரம் கொடுத்துவிடுகிறேன்.

என்னை டீம் லீடர் ஆக்கியிருக்கிறார்கள்.

நீ கேட்டதைப் பற்றிப் பொறவு எழுதுகிறேன்.

தம்பி,
அலெக்ஸ்

ஸ்ரீவில்லிபுத்தூர்
19.9.2024

அலெக்சுக்கு,

நாங்கள் சுகம். தைலம் வந்தது, அம்மா தேய்க்கிறாள். குழந்தைச் செய்தி கேட்டு அழுதுவிட்டாள். டீம் லீடர் ஆனதற்கு வாழ்த்து. குசலம் முடிந்தது, இனி நான் கேட்பதற்குப் பதில் சொல்.

எங்கள் பள்ளிக்கூட ராம்குமார் சார் ராஜபாளையத்தில் நடந்த மில் கண்காட்சிக்குப் போய்விட்டு வந்து, என் மேசையில் ஒரு நோட்டீசைப் போட்டார். வழுவழுத் தாள், நாலு கலர். 'காட்டன் பில்டு. ராஜபாளையத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு. எங்கள் குழுவின் மூன்று வருட உழைப்பு.' கீழே உன் கம்பெனிப் பெயர். "டீச்சர், இது நீங்க செஞ்சது மாதிரியில்லா இருக்கு" என்றார் அவர்.

நெட்டில் தேடிப் பார்த்தேன். பெரிய தர்மப் பிரபு மாதிரி, இதையும் எல்லோருக்கும் பொது என்று உள்ளே இருக்கும் நிரலையெல்லாம் வெளியிலேயே போட்டிருக்கிறார்கள். திறந்து பார்த்தேன். என் கொத்தன். நான் வைத்த அடைப்புக்குறி வைத்த இடத்தில் இருக்கிறது. நான் செய்த எழுத்துப்பிழைகூட அப்படியே இருக்கிறது. இல்லாதது இரண்டே இரண்டு வரி. அந்த இடத்தில் கம்பெனி முத்திரை.

மூன்று வருடமாம். நான் வெளியிட்டே மூன்று மாதம்தான் ஆகிறது. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று அள்ளி ஊற்றியிருக்கிறார்கள். எடுக்காதே என்று நான் சொல்லவில்லை. விற்காதே என்றும் சொல்லவில்லை. உலகத்தில் யாரும் கேட்காத அளவுக்குக் குறைவாகக் கேட்டேன், பெயரை விட்டுவை என்று. அதற்குக்கூட மனசு வரவில்லை.

வயிறு எரிகிறது, அலெக்ஸ். அந்தக் கட்டடத்தில் ஒரு தடவை அப்பா பெயரைப் போடாமல் விட்டார்கள். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியவில்லை, அப்போது எனக்குப் பத்து வயது. இப்போது நானாகக் கட்டியதில், நானாக எழுதிவைத்ததை அழித்திருக்கிறார்கள். இதை நான் விடப்போவதில்லை.

நீ அங்கேதான் இருக்கிறாய். டீம் லீடர். யார் எடுத்தது என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. அந்த ஆள் பெயர் எனக்கு வேண்டும்.

அக்கா,
அன்னாள்

ராஜபாளையம்
10.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நலம், நலம் அறிய ஆவல். ஆஷிகாவுக்குக் கால் கொஞ்சம் வீங்குகிறது, உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

உன் கோபம் புரிகிறது. கம்பெனி என்றால் பல பேர் சேர்ந்து முடிவெடுப்பது. மில்லுக்காரர்கள் வாயில் நுழைகிற மாதிரி பெயர் இருக்க வேண்டும் என்று காட்டன் பில்டு என்று மாற்றப்பட்டது. அந்தச் சமயத்தில் முதல் இரண்டு வரியும் நீக்கப்பட்டுவிட்டது. வேண்டுமென்று செய்யப்பட்டது என்று சொல்ல முடியாது. நோட்டீசு விளம்பர ஆட்கள் அடித்தது, அவர்கள் எதையாவது எழுதுவார்கள்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. எல்லோருக்கும் இலவசம் என்று நீதானே கொடுத்தாய்? கொடுத்த பிறகு யார் என்ன செய்தால் என்ன? நாற்பத்தோரு மில்லில் உன் வேலை ஓடுகிறது. அது பெரிய விஷயம் இல்லையா?

அம்மாவுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம்.

தம்பி,
அலெக்ஸ்

ஸ்ரீவில்லிபுத்தூர்
14.10.2024

அலெக்சுக்கு,

ஆஷிகாவை இடது பக்கம் படுக்கச் சொல், காலுக்குத் தலையணை வை. இங்கே சுகம்.

மாற்றப்பட்டது. நீக்கப்பட்டுவிட்டது. செய்யப்பட்டது. ஒரு கடிதத்தில் எத்தனை 'பட்டது'? நாராயணி டீச்சரிடம் இது என்ன வினை என்று கேட்டேன். "செயப்பாட்டு வினை" என்றார். "செஞ்சவன் பேரச் சொல்ல மனசில்லாதப்ப கெவருமெண்டு எழுதுமே, அது." நீ எப்போது கெவர்மெண்ட் ஆனாய்? தானாக நீங்குவதற்கு அந்த வரி என்ன தலைவலியா? ஒரு கை வேண்டும், ஒரு விரல் வேண்டும், அந்த விரல் அழிக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். அது யார் விரல்?

இலவசமாகத்தானே கொடுத்தாய் என்கிறாய். கேட்கிறவன் கேனையன் என்றால் கேழ்வரகில் நெய் வடியுமாம். தெருவுக்குப் பொது என்று ஒருவன் கிணறு வெட்டிவிட்டால், தண்ணீர் இறைக்கலாம், குளிக்கலாம், மாடு கழுவலாம். இறைக்க வந்தவன் கிணற்றை வெட்டியது நான்தான் என்று போர்டு மாட்டலாமா? இலவசம் என்றால் விலை இல்லை என்று அர்த்தம். செய்தவர் இல்லை என்று அர்த்தம் இல்லை.

உன் கௌதம்ராஜுக்கு நேராகவே எழுதப்போகிறேன். அதற்கு முன்னால் காட்டன் பில்டை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்துவிடுகிறேன். எது என்னுடையது, எது அவர்கள் சேர்த்தது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு அப்புறம் பேசுகிறேன்.

அம்மாவுக்குத் தெரியாது. பயப்படாதே.

அன்னாள்

ஸ்ரீவில்லிபுத்தூர்
3.11.2024

அலெக்ஸ்,

அம்மா சுகம்.

வாசித்து முடித்தேன். அவர்கள் சேர்த்தது அதிகம் இல்லை. ஒரு பெரிய திருத்தம் இருக்கிறது. 'கொ' பிழையைத் திருத்தியிருக்கிறார்கள். நான் திணறிய இடத்தைச் சரியாகப் பிடித்து, அழகாகச் செய்திருக்கிறார்கள். அதற்குக் கீழே சோதிக்கிற வரி ஒன்று.

'பாண்டிதுரை கொய்யாவைக் கொறித்துக்கொண்டு கொல்லையில் ஒளிந்தான்.'

அந்த வரியை நான் கம்ப்யூட்டரில் ஏற்றவே இல்லை. நோட்டில்கூட எழுதவில்லை. அது இந்த உலகத்தில் ஒரே ஒரு இன்லண்ட் லெட்டரில்தான் இருந்தது.

உன் பெயரை எடுத்துவிட்டு எவனோ பாண்டிதுரையைப் போட்டிருக்கிறாய். கொய்யா அதே கொய்யாதான்.

கௌதம்ராஜுக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அவரை ஒன்றரை மாதம் திட்டித் தீர்த்திருக்கிறேன், பாவம். பக்கத்துக் கொல்லையில் திருடன் என்று கத்திக்கொண்டிருந்தேன், அவன் என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறான்.

உனக்கு டீம் லீடர் வேலை வேண்டுமென்றால் என்னிடம் கேட்டிருக்கலாமே. என் பெயரை எடுத்துக்கொள் என்று நானே கொடுத்திருப்பேன், அலெக்ஸ். அன்னாள் போகட்டும். அந்த வரியில் அப்பாவும் இருந்தாரே. அதை அழிக்கும்போது உனக்குக் கை கூசவில்லையா?

இதற்குப் பதில் எழுதாதே. 'பட்டது' போட்டு எழுதுவதாக இருந்தால் எழுதவே எழுதாதே.

அன்னாள்

ராஜபாளையம்
21.11.2024

அன்புள்ள மதினிக்கு ஆஷிகா எழுதுவது. கர்த்தர் உங்களையும் அத்தையையும் காப்பாராக. எனக்கு உடம்பு பரவாயில்லை, கால் வீக்கம் குறைந்திருக்கிறது. நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது.

உங்களுக்கும் அவியளுக்கும் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறார். இந்த மூன்று வாரத்தில் ஒன்பது இன்லண்ட் வாங்கிவந்து ஒன்பதையும் எழுதி எழுதிக் கிழித்துப் போட்டிருக்கிறார். கிழித்ததை ஒட்டி வாசிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் ஒரு துண்டு முறத்துக்கு அடியில் கிடந்தது. அதில் 'நான்தான்' என்று மட்டும் இருந்தது.

எனக்கும் கோபம் வருகிறது மதினி, இரண்டு பேர் மேலேயும். வயிற்றுப் பிள்ளைக்காரியை நடுவில் வைத்துக்கொண்டு நீங்கள் இருவரும் தபாலில் அடித்துக்கொள்கிறீர்கள். அவியள நான் எழுத வைக்கிறேன். நீங்கள் வாசியுங்கள்.

அத்தையின் காலைப் பார்த்துக்கொள்ளவும்.

ஆஷிகா

ராஜபாளையம்
16.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். உனக்கும் அம்மாவுக்கும் சுகம் உண்டாகட்டும். ஆஷிகா நன்றாக இருக்கிறாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், இதை முடிக்காமல் எழுந்திருக்க விடமாட்டாள்.

நான் எடுத்தேன். நான்தான் அழித்தேன். யாரும் சொல்லவில்லை. கௌதம்ராஜ் சார் பெயரை மாற்றலாமா என்று மட்டும்தான் கேட்டார், அந்த இரண்டு வரியைப் பற்றி அவர் வாய் திறக்கவே இல்லை.

வேலைக்காகச் செய்தேன் என்று நீ நினைக்கிறாய். அப்படி இருந்தால்கூடத் தேவலை. இந்த ஆபீசில் சேர்ந்த அன்றைக்கு அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். சிவில் கான்ட்ராக்டர் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது. அப்புறம் ஏழு வருடம் அதையே காப்பாற்றிக்கொண்டு வந்தேன். ஜூன் மாதம் எல்லோருக்கும் முன்னால் பெரிய திரையில் உன் கருவியை ஓடவிட்டேன். முதல் வரியிலேயே அப்பா பெயரும் தொழிலும் வந்து நின்றது. அந்த வரியை நான் முன்னமே பார்த்திருக்கிறேன், ஆனால் அத்தனை பேரோடு உட்கார்ந்து பார்ப்பது வேறாக இருந்தது. பக்கத்து நாற்காலியில் பாண்டிதுரை, "ஏலே, ஒங்க அப்பா பேரும் ஜெபதுரைதானல? சொந்தமா?" என்று கேட்டான். "இல்ல, அது வேற யாரோ" என்றேன். சார் யார் செய்தது என்று கேட்டார். "நெட்ல கெடந்துச்சு சார்" என்றேன். சாயங்காலம் பாண்டிதுரை மறுபடி கேட்டான். மறுபடியும் இல்லை என்றேன். வேதத்தில் வருகிற மாதிரி மூன்று தடவை மறுதலித்தாயிற்று அக்கா. சேவல்தான் கூவவில்லை.

அன்றைக்கே அந்த வரி மறுபடி திரையில் வந்துவிடக் கூடாது என்று எடுத்துவிட்டேன். அப்புறம் கம்பெனி முத்திரை வந்தது, நோட்டீசு வந்தது, என்னால் நிறுத்த முடியவில்லை. உன் 'கொ' பிழையைத் திருத்தியபோது மட்டும் அந்த வரியை விட மனசில்லை. உன் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். என் பெயரை மட்டும் எடுத்துவிட்டு அவன் பெயரைப் போட்டேன்.

நேற்று காலை காட்டன் பில்டில் உன் இரண்டு வரியை எழுத்து மாறாமல் திரும்ப வைத்துவிட்டேன். அதற்குக் கீழே, 'இந்த வரிகளை நீக்கியதும் திரும்ப வைத்ததும் ஜெபதுரை மகன் அலெக்ஸ்' என்று எழுதி வெளியிட்டுவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. சனிக்கிழமை சார் வரச் சொல்லியிருக்கிறார். டீம் லீடர் போய்விடும். வேலை இருக்குமா என்று தெரியவில்லை.

'கொ' திருத்தத்தை உன் கருவிக்கும் முறைப்படி அனுப்பியிருக்கிறேன். உனக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்.

கிறிஸ்துமசுக்கு வர முகம் இல்லை. அம்மாவிடம் ஏதாவது சொல்லிக்கொள்.

தம்பி,
அலெக்ஸ்

ஸ்ரீவில்லிபுத்தூர்
28.12.2024

தம்பி அலெக்சுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். ஆஷிகாவுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் இரண்டு பாட்டில் ராம்குமார் சாரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். உப்பு குறைவாகப் போட்டது.

கோபம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். நடுச்சாமத்தில் எழுந்து உட்கார்ந்து உன்னைத் திட்டுகிறேன். கம்பெனிக்காரன் பேராசையில் எடுத்தான் என்று நினைத்தபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. வெட்கப்பட்டு எடுத்தேன் என்கிறாயே. அந்தச் சாந்துக் கையால் ஃபீஸ் கட்டி நீ படித்துவிட்டு, எதற்கு வெட்கம்?

அம்மாவிடம் ஏதாவது சொல்லச் சொன்னாய். உன் கடிதத்தை ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினேன். தைலத்தை எடுத்து முழங்காலில் தேய்த்தாள். பொறவு சொன்னாள். "ஒங்க அப்பா கேட்டிருந்தா சிரிச்சிருப்பாவ. கான்ட்ராக்டர்னா கூடக் கொஞ்சம் கூலி கேட்டிருப்பேனேன்னு சொல்லியிருப்பாவ. அவன வரச் சொல்லுட்டி. நெறமாசக்காரிய பஸ்ல ஏத்திராம கார்ல கூட்டிட்டு வரச் சொல்லு." அம்மாவுக்கு மன்னிப்பது சுலபமாக இருக்கிறது. எனக்கு நாளாகும்.

நீ ஜூனிலிருந்து எழுதிய கடிதங்களை எல்லாம் வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தேன். 'உன் கருவி', 'உன் கருவி' என்றே எழுதியிருக்கிறாய். அதன் பெயரை ஒரு தடவைகூட எழுதவில்லை. அப்பாவின் தொழிலை 'தொழில்' என்று எழுதியிருக்கிறாய். மன்னிப்புக் கேட்கிற கடிதத்தில்கூட அந்தச் சொல் உன் பேனாவில் இறங்கவில்லை.

நீ அனுப்பிய திருத்தத்தைப் பார்த்தேன். சுத்தமான வேலை. பாண்டிதுரையை எடுத்துவிட்டுப் பழையபடி அலெக்ஸ் என்று போட்டிருக்கிறாய், அதையும் பார்த்தேன். ஆனாலும் திருப்பி அனுப்பிவிட்டேன். பெயர் எழுதுகிற இடத்தில் பிழை இருக்கிறது. 'ஜெபதுரை மகன் அலெக்ஸ், ராஜபாளையம்' என்று இருக்கிறது. நடுவில் ஒரு சொல் குறைகிறது. அதைப் போட்டு அனுப்பு, அன்றைக்கே சேர்த்துவிடுகிறேன்.

எந்தக் 'கொ'வில் அடித்தாலும் பரவாயில்லை. நீ திருத்திவிட்டாய், இனிமேல் கொத்தனுக்கு இரண்டும் தெரியும்.

உன் அக்கா,
ஜெபதுரை கொத்தனார் மகள் அன்னாள்